கருஞ்சிறகன் எந்தக் கரை?

“ஆத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? வெரசா சொல்லுங்க தம்பி! மேல மழை பிடிச்சாச்சு!”

வனக்காவலர் பேச்சிமுத்து தோளில் கயிற்றுச் சுருளோடு பரபரத்தார். வடிவு அண்ணாந்து பார்த்தான். கழுகுப்பாறை மலையுச்சி கறுத்துக் கிடந்தது. வெள்ளம் வந்துவிட்டால் ஆற்றைக் கடக்க முடியாது. ஒரு கரையில் தேடத்தான் நேரம் இருந்தது. எஸ்தர் எந்தக் கரையில் இருக்கிறாள்?

அவளும் வடிவும் இந்த மலையின் பட்டாம்பூச்சிகளை ஆராய வந்தவர்கள். காலையில் தென்கரைக் காட்டுக்குப் போவதாகச் சொல்லித் தனியாகக் கிளம்பியவள் இன்னும் திரும்பவில்லை. மதியம் அவளிடமிருந்து ஒரே ஒரு படம் வந்தது. பாறையில் சிறகு விரித்த ஒரு கருஞ்சிறகன் பட்டாம்பூச்சி, வேறு எதுவும் இல்லை. அதன்பின் அவளுடைய போன் செத்துப்போனது.

“தென்கரைன்னுதான அந்தப் பிள்ள சொல்லிச்சு? அங்கயே தேடுவோம்!” என்றார் பேச்சிமுத்து.

வடிவு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பின்சிறகில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பட்டையாக ஓடின. பாழாய்ப்போன இந்தப் பட்டைக்காகத்தான் இரண்டு பேரும் எலியும் பூனையுமாக இருந்தார்கள்! பட்டை உள்ளது வடகரையில் மட்டும் வாழும் தனிக் கிளையினம், அதற்குத் தனிப் பெயர் வேண்டும் என்பது எஸ்தரின் கட்சி. “எல்லாம் ஒரே பூச்சிதாம்ட்டி! பட்டை உள்ளது தென்கரைலயும் இருக்கு” என்பது வடிவின் கட்சி. அங்கே கிடைத்த ஒன்றைப் பெட்டியில் ஊசி குத்தியே வைத்திருந்தான்.

அவன் சொன்னது சரியென்றால் இந்தப் படத்தால் பயனில்லை. அவள் சொன்னது சரியென்றால், அவள் ஆற்றைத் தாண்டிவிட்டாள்!

யோசி, யோசி! தென்கரையில் பட்டையோடு ஒன்று பறந்து பார்த்திருக்கிறானா? இல்லை. பெட்டியில் இருப்பது மட்டும்தான். அதைக்கூட... வடிவுக்குச் சுரீரென்றது. தென்கரை முகாமில் நின்ற ஜீப்பின் முன்கம்பியில் செத்து ஒட்டியிருந்ததை எடுத்தான். ஜீப் நின்ற இடத்தையே பூச்சி கிடைத்த இடமாகச் சீட்டில் எழுதிவிட்டான்.

“அண்ணாச்சி, வடகரை முகாமுக்கு அரிசி கொண்டுபோறது எந்த ஜீப்பு?”

“நம்ம ஜீப்புதான். கீழ பாலத்தச் சுத்திப் போயிட்டு வர அரை நாள் ஆகும். இப்ப அதுக்கு என்ன?”

“அப்ப அந்தப் பூச்சி வடகரைலயே ஒட்டிருக்கும். எஸ்தரும் வடகரைதான்! வாங்க!”

“தப்பாப் போச்சுன்னா?”

வடிவு ஆற்றை நோக்கி ஓடினான். கயிற்றை மரத்தில் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். நடு ஆற்றில் தண்ணீர் செம்மண்ணாக மாறியது. “வெள்ளம்! வெள்ளம்!” என்று கத்தினார் பேச்சிமுத்து. கயிற்றைப் பிடித்துத் தட்டுத்தடுமாறிக் கரையேறினார்கள். திரும்பிப் பார்த்தால், மிதித்து வந்த பாறைகளைக் காணோம். எஸ்தர் தென்கரையில் கிடந்தால் இனி அவளுக்கு யாருமில்லை.

“எஸ்தர்! ஏட்டி எஸ்தர்!”

கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. பதில் இல்லை. திடீரென்று பேச்சிமுத்து அவன் கையைப் பிடித்தார். “சத்தம் போடாதீங்க... கேளுங்க!”

“இங்க இருக்கேம்ல...” என்று பாறைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்.

இடுக்கில் கால் மாட்டி, முட்டளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்றாள் எஸ்தர். இருவரும் கல்லை நெம்பி அவளை மேலே இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடுக்கே நீருக்குள் போனது.

“நீ தென்கரைலதான் தேடுவன்னு நெனச்சேன்ல. நான் சொல்லுதத என்னிக்கு நம்பிருக்க?” அவள் அழுதுவிட்டாள்.

“நம்பித்தாம்ட்டி வந்தேன்,” என்றான் வடிவு. அவனும் அழுதான்.

அவளை மாற்றி மாற்றிச் சுமந்து வடகரை முகாமுக்கு வந்தபோது, அங்கிருந்தவர்கள் ஆரவாரத்தோடு ஓடிவந்தார்கள். தண்ணீர் வடிந்து தென்கரை முகாமுக்குத் திரும்பியதும் வடிவு முதல் வேலையாகப் பூச்சிப் பெட்டியைத் திறந்து பழைய சீட்டைக் கிழித்தான். புதிதாக எழுதினான்: ‘கிடைத்த இடம்: ஜீப்பின் முன்கம்பி. எங்கே ஒட்டியது என்று தெரியாது.’

கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த எஸ்தர் அதை வாங்கிப் படித்தாள்.

“அந்தப் பழைய சீட்டு பொய்யின்னு காட்டத்தான தென்கரை முழுக்கத் தேடுனேன். பட்டை உள்ளது ஒண்ணுகூட இல்ல, ஆத்தத் தாண்டுனதும்தான் கெடச்சுது,” என்றாள்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது இவ்வளவு சுலபமா என்று வடிவுக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினான்.

“பேர நீயே வையிட்டி.”