பழைய எண் ஒன்பது

மூன்று வாரத்துக்கு முன் சைமன் தன் கையாலேயே கலைத்துப்போட்ட ஃபேஸ்புக் குழுவிலிருந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு செய்தி வந்தது. "வந்துட்டேன்."

போன்தான் கிறுக்குத்தனம் பண்ணுகிறது என்று முதலில் நினைத்தான். திருவொற்றியூரில் மதியம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. தகரக் கூரையிலிருந்து வாளியில் சொட்டுகிற சத்தமும், தூரத்தில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தபடி ஊர்ந்து போகிற சத்தமும் தவிர, தெருவில் ஈ காக்கை இல்லை. மனைவி பிலோமி வேலையிலிருந்து திரும்பவில்லை. மகள் ஆன்சி எதிர்சாரியில் சிவந்தி டீச்சரிடம் டியூஷனில் இருந்தாள். எட்டு வயசுப் பிள்ளை, இருட்டென்றாலே அழும். அவள் இங்கே இல்லாததே நல்லது என்று பட்டது.

"வந்துட்டேன்" என்பது அந்தக் குழுவின் வழக்கம். மோசடிக்காரன் என்று யார்மேல் சந்தேகம் வந்தாலும் சைமன் விலாசத்தைப் போடுவான். போய்ச் சேர்கிறவர்கள் வாசலில் நின்று அந்த ஒரு வார்த்தையைப் போடுவார்கள். பிறகு அந்த ஆளை அவமானப்படுத்துவது நேரலையில் ஓடும். போலீஸ், விசாரணை எல்லாம் வெட்டிவேலையாம்! நாலாயிரம் பேர் கைதட்டியதில் சைமனுக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாகப் போனது காசிமேட்டில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் லூயிஸ் வீட்டுக்கு. கப்பல் வேலை வாங்கித் தருவதாக ஊரை ஏமாற்றியவன் வீட்டு எண் பதினாலு. லூயிஸ் கதவிலும் பதினாலு இருந்தது. கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அது பழைய நம்பருபா. புது நம்பரு பாரு நைனா. நீ தேடுற ஆளு தெருக்கோடில கீறான்."

சென்னையில் பிறந்தவனுக்கு ஒவ்வொரு கதவிலும் இரண்டு எண் இருப்பது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அறுபத்து மூன்று பேர் "வந்துட்டேன்" போட்டுவிட்டு வெறியோடு நிற்கும்போது எந்த முகத்தோடு திரும்புவது? "திருட்டுப்பசங்க எல்லாம் இத்தத்தான் சொல்லுவானுங்க!" என்று கத்தி, மீன் கழுவிய தண்ணீரை அவர் தலையில் முதலில் ஊற்றியவன் சைமன்தான். மூன்றாம் நாள் லூயிஸ் கடலோரக் கருங்கற்களில் பிணமாக ஒதுங்கினார். பாவி, குழுவைக் கலைத்தானே தவிர, அந்த வீட்டு வாசலை மிதித்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

போன் மறுபடி ஒளிர்ந்தது. "சைமன் வூடு. நம்பர் 9. தெருவுக்குள்ள வந்துட்டேன்."

ஒன்பது, அவன் வீட்டின் பழைய எண்.

மழை வாசனையோடு அழுகிய மீனும் டீசலும் கலந்து வந்தன. ஈரக் காலடிகள், ஒன்று வைத்து, நின்று, மறுபடி ஒன்று வைத்து, ஒவ்வொரு வாசலிலும் எதையோ எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோலத் தாமதித்து, சுவரை உரசிக்கொண்டே நெருங்கின. அவன் வாசலில் நின்றன. ஜன்னல் இடுக்கில் பார்த்தான். யாருமில்லை. கதவுக்கடியில் மட்டும் தண்ணீர் கசிந்து உள்ளே வந்தது.

போன் ஒளிர்ந்தது. "ஒம்போது இதானே நைனா?"

பயத்தில் விரல் தானாக ஓடியது. "இது இல்ல. அது பழைய நம்பர். புது நம்பர் பாரு."

காலடிகள் திரும்பின. அப்பாடா! தெருவைக் கடந்தன.

எதிர்சாரி.

புதிய எண் ஒன்பது.

சிவந்தி டீச்சர் வீடு.

"ஐயோ, என்னாண்ட வா! இதான் வூடு! நான்தான் சைமன்!" தாழ்ப்பாளை இழுத்தான். நகரவில்லை. மறுபடி இழுத்தான். நகரவில்லை. "தப்புப் பண்ணது நான்யா! அது கொயந்தயா!"

போனில் நேரலை தொடங்கியது. ஒரு கதவு. அதைத் தட்டும் கை. ஊறி வெளுத்த, நகமில்லாத கை. கீழே சரசரவென்று செய்திகள்.

"வந்துட்டேன்."

"வந்துட்டேன்."

"வுடாதீங்க!"

கதவு திறந்தது. கையில் மெழுகுவர்த்தியோடு ஆன்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு வோணும் தாத்தா?"

அந்தக் கை அவள் உச்சந்தலையை மெல்லத் தடவியது. தடவிய இடமெல்லாம் தண்ணீர் ஒழுகியது. ஆன்சி அழவில்லை. சிரித்தபடி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். மழையில் இறங்கி, கடல் இருக்கும் பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.