குடைபறிச்சான் மேடு

வழக்கம்போலப் பதிவாளர் மதிவதனி செவிப்பறவையைத் துடைத்துப் பறக்கவிட்டாள். ஊரார் பேச்சில் இடப்பெயர் விழுந்தால் அந்தச் சின்ன ட்ரோனில் பச்சை விளக்கு எரியும். பெயர் வரைபடத்தில் ஏறும். கடல் கொண்ட வேதாரண்யத்து மக்கள் ஸ்காட்லாந்தின் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. பெயருள்ள நிலத்தைத் தொடக்கூடாது, பெயரற்றதை நிரவி என்ற இயந்திரம் மட்டமாக்கிவிடும் என்பது சட்டம். பதிவாளரிடம் ஒப்பித்தால் செல்லாது. இருவர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது பெயர் தானாக வாயில் வரவேண்டும்.

குடைபறிச்சான் மேடு வரைபடத்தில் ஏற அன்றுதான் கடைசி நாள். அடிவாரத்தில் நிரவி வந்து நின்றுவிட்டது. மேடு போனால் அதன் மறைவிலிருக்கும் புதுமணத் தம்பதியின் வீட்டை வடகாற்று பிய்த்துவிடும். அந்தப் பெயரைச் சொல்லி அங்கே புழங்குகிறவர்கள் இருவர்தான்: மாப்பிள்ளையின் அப்பா வைரக்கண்ணு, பெண்ணின் அம்மா தையல்நாயகி. கல்யாணப் பந்தியில் மூண்ட சண்டையிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

மதிவதனி கெஞ்சிப் பார்த்தாள். வைரக்கண்ணு தன் ஆட்டைப் பார்த்து, குடைபறிச்சான் மேட்டில் சிலர் கண்டபடி வேலி போடுகிறார்கள் என்றார். தையல்நாயகி தன் நாயிடம் அதற்குப் பதில் சொன்னாள். ஜாடைப் பேச்சைச் செவிப்பறவை ஏற்கவில்லை. சிவப்பு விளக்கே எரிந்தது.

நிரவி உறுமியது. தையல்நாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் முன்னால் மேட்டுச் சரிவில் ஏறி நின்றாள்.

வைரக்கண்ணுவுக்குப் பதறிவிட்டது. “சம்பந்தி, குடைபறிச்சான் மேட்டுல அந்தப் பக்கம் சறுக்கும். இறங்கி வாங்க.”

“குடைபறிச்சான் மேடு எனக்குத் தெரியாதாக்கும். ஆட்டைப் பத்திவிட்டு இத்தனை சறுக்கலாக்கினதே நீங்கதான்.”

பச்சை எரிந்தது. நிரவி அடங்கியது. அவர்கள் அடங்கவில்லை. பாசிக்குழியில் தண்ணீரை மறித்தது யார், நரிப்படுக்கைக் கல்லைப் பெயர்த்தது யார், கிழவன்மூக்குப் பாறையில் யாருடைய ஆடு ஏறியது என்று அடக்கிவைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. மதிவதனி கேள்விப்பட்டே இராத பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பச்சை மின்னியது. வெற்றாகக் கிடந்த வரைபடத்தில் ஓடையும் பாறையும் சேறும் முளைத்தன.

சத்தம் கேட்டு மணப்பெண் ஓடிவந்தாள். “என்னக்கா, விலக்கிவிடாம உக்காந்து பாத்துக்கிட்டிருக்கீங்க?”

“கொஞ்சம் பொறும்மா,” என்றாள் மதிவதனி. “இன்னும் தெற்குப் பக்கம் வரலை.”