எறும்பு வராத வீடு

சீனிப் போத்தலை வைக்கும் தட்டில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. கொட்டாஞ்சேனையின் அந்தப் பழைய வீட்டில், ஒரு வேளை தண்ணீர் ஊற்ற மறந்தாலும் செவ்வெறும்பு போத்தலுக்குள் புகுந்துவிடும். இப்போது மூடிகூடச் சரியாகப் பூட்டவில்லை. சீனி வெள்ளை வெளேரென்று அப்படியே கிடந்தது. சனியன்கள் ஒருவழியாகத் தொலைந்தன என்று ஐறீனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான், வீட்டில் எறும்பைக் கண்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தாள்.

பின்னறையில் அவளுடைய தம்பி றேமண்ட் ஒளிந்திருந்தான். மன்னாரிலிருந்து வந்தவன், பொலிஸ் பதிவு இல்லை. கோட்டைப் பக்கம் குண்டு வெடித்ததிலிருந்து பதிவில்லாத இளைஞர்களை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். போதாக்குறைக்கு அந்த அறை ஜன்னலுக்கு நேரெதிரே ஒரு காவலரணும் முளைத்தது. ஜன்னலைப் பூட்டினால் தகரக் கூரையின்கீழ் அவன் வெந்துபோவான். திறந்தால் ஆமிக்காரனின் கண்ணில் படுவான்.

ஜன்னலை மறைக்கவென்று, வன இலாகாவில் வேலை செய்த மைத்துனன் ஒஸ்வால்ட்தான் ஒரு கொடித்துண்டைக் கொண்டுவந்து ஜன்னலடியில் நட்டிருந்தான். மழைக்காட்டுக்குள் புகுந்துவிட்ட பிறநாட்டுக் கொடி அது.

"இதைத் தின்னத் தெரிஞ்ச பூச்சி இந்த நாட்டிலை இல்லை, ஐறீன். அதுதான் இந்த வேகத்திலை வளருது," என்றான்.

அது படர்ந்த இடத்தில் நிலத்தைக் கிளறினால் ஒரு வண்டுகூட, ஒரு சிலந்திகூட அகப்படுவதில்லை என்றும், விழுந்த இலை உக்காமல் கிடக்கிறது என்றும் சொன்னான். வேகம் என்பது மட்டும்தான் அவள் காதில் ஏறியது.

சொன்னபடியே வளர்ந்தது. ஜன்னலை மூடி, கம்பிகளுக்குள்ளால் அறைக்குள்ளும் தலையை நீட்டி, ஈர இரும்பின் வாடையை வீடு முழுக்கப் பரப்பியது. நுளம்பு நின்றுபோனது. இப்போதுதான் நல்ல நித்திரை வருகிறது என்று றேமண்ட் சொன்னான். பிறகு கரப்பான்கள் போயின, தின்ன ஒன்றுமில்லாமல் பல்லிகளும் போயின. வடிகாலில் ஓயாமல் இரையும் சில்வண்டுகள்கூட அடங்கிவிட்டன. அந்த அமைதியில், எதிரே காவலரணில் துவக்கைத் தோள்மாற்றும் சத்தமும், காற்றே இல்லாத நேரத்தில் பின்னறையில் இலையோடு இலை உரசும் சத்தமும் மட்டுமே கேட்டன.

றேமண்டின் நித்திரை கூடிக்கொண்டே போனது. பேச்சுக் குறைந்தது. நேற்றுக் கொடுத்த சோறும் மீன்குழம்பும் கட்டிலடியில் மூடாமல் கிடந்தன. ஒரு ஈகூட மொய்க்கவில்லை. ஐறீனுக்கு அந்தக் கொடியின்மேல் வெறுப்பும் பயமும் ஒன்றாகப் பொங்கின. வெட்டக் கத்தியோடு வெளியே போனாள். காவலரணிலிருந்து ஒருவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் பின்னேரம், கரண்ட் போன நேரம் பார்த்து ஆமிக்காரர்கள் வந்தார்கள். சப்பாத்துச் சத்தம். அலுமாரி கவிழ்ந்தது. டோர்ச் வெளிச்சம் பின்னறைக்குள் போனது. ஐறீன் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மெஹே கவுருத் நே."

இங்கே யாருமில்லை என்று சிங்களத்தில் ஒருவன். வீட்டுக்குள்ளேயே தோட்டம் வைத்திருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மெழுகுதிரியோடு உள்ளே ஓடினாள்.

கட்டில் முழுக்க இலை. பூச்சி கடித்த ஓட்டை ஒன்றுகூட இல்லாத இலைகள். நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு மேடு.

"தம்பி, அவங்கள் போயிட்டாங்கள். எழும்பு."

மேடு மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மூச்சு. இலைகளைப் பிடுங்கினாள். கீழே இலை. அதற்கும் கீழே இலை. கை முழங்கைவரை போயிற்று. தம்பி இல்லை.

செத்திருந்தால் ஈ வந்திருக்குமே என்று மனம் சொன்னது. இந்த வீட்டுக்கு ஈ எங்கே வருகிறது?

சீனிப் போத்தலை எடுத்துவந்தாள். பின்கதவிலிருந்து கட்டில்வரை சீனியைக் கோடாகக் கொட்டினாள். முழந்தாளிட்டாள். மாதாவே, ஒரு எறும்பு. ஒன்றே ஒன்று. தின்னத் தெரிந்த ஏதாவது.

கதவுப் பக்கம் ஒன்றும் அசையவில்லை.

கட்டிலடியில், இலைகள் தொட்ட இடத்தில், சீனி குறையத் தொடங்கியது.