சத்தம் போடாத கார்

கம்சனா கண்விழித்தபோது சுவர் முனகிக்கொண்டிருந்தது.

தலையணைக்கு நேரே இருந்த சுவர்தான். தாழ்ந்த, ஒரே சீரான முனகல். காதால் கேட்பதைவிடக் கன்னத்து எலும்பால் கேட்பது அதிகம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒற்றைத் தலைவலி மெல்ல எட்டிப்பார்க்கத் தொடங்க, அப்பா வீட்டின் இந்தச் சின்ன அறையில் வந்து சுருண்டு படுத்தவள் அவள். படுத்தபோது யன்னலில் வெளிச்சம் இருந்தது. இப்போது இல்லை. ஜெர்மனியின் எசன் நகரில் தை மாதத்துச் சூரியன் ஆட்கள் தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரைகூடக் காத்திருப்பதில்லை. யன்னல் கண்ணாடியின் ஓரங்களில் பனி வெள்ளையாக இறுகியிருந்தது, வீடு முழுக்க அம்மாவின் மாலைச் சாம்பிராணி மணத்தது, எங்கோ மிக மெலிதாக ஒரு விளையாட்டுச் சாமான் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

குளிர்சாதனப் பெட்டியாக இருக்கும் என்று நினைத்தாள். பிறகுதான் அது மற்றப் பக்கம் என்பது ஞாபகம் வந்தது. இந்தச் சுவருக்குப் பின்னால் சாமிப்படங்கள் வைத்த சிறிய அறை. அதற்குப் பின்னால் கராஜ். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே முனகல் சட்டென்று நின்றது. அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிமிடம் அந்த நிம்மதியே உறுத்தியது. கராஜுக்குள் சத்தம் போடக்கூடியது எது? அங்கே நின்றது கார் மட்டும்தான். அந்தக் காரின் பெருமையே அது சத்தம் போடாது என்பதுதான்.

அதை வாங்கிக்கொடுத்தவன் அவளுடைய தம்பி அனுஜன். அப்பா ஸ்ரீஸ்கந்தராஜா வாழ்நாளில் பாதியை டீசல் வான்களில் கழித்தவர். விடியமுன் பேக்கரிகளுக்குப் பாண் ஏற்றிப் போகிற வேலை. ஒருமுறை கடுங்குளிரில் டீசல் மெழுகாய்க் கட்டிப்பட்டு, அவரும் வானும் பாணும் அதிவேகச் சாலையின் ஓரத்தில் விறைத்துப்போய் நின்றார்கள். அன்றிலிருந்து குளிரை அவர் தன் சொந்த எதிரியாகவே நடத்தினார். பனி வருகிறது என்றால் முதல் நாளே டாங்கியை விளிம்புவரை நிரப்புவார். கராஜின் பெரிய கதவைச் சுற்றிப் பஞ்சுப் பட்டி ஒட்டியிருந்தார். காற்றுப் போகிற துவாரங்களுக்குள்ளும் பழைய சாரங்களைக் கிழித்து அடைத்திருந்தார். ஓய்வுபெற்ற பிறகு, பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓடுகிற இந்தக் காரை மகன் கொண்டுவந்து நிறுத்தியபோது, அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"செத்த வாகனம். ஓடுதோ நிக்குதோ எண்டு விளங்குதே?"

அதற்காகக் கவனிக்காமல் விடவில்லை. அம்மா புஸ்பவதி சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாள். கண்ணாடியில் திருநீறு பூசினாள். தைப்பூசம்வரை சாவி சாமிக்கு முன்னால் இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டாள். ஆகவே ஒவ்வொரு முறை ஓடிவிட்டு வந்ததும் அப்பா அதைக் கொண்டுபோய்ச் சாமித்தட்டில் வைப்பார். இன்றும் மத்தியானம் டாங்கியை நிரப்பி, தமிழ்க்கடையில் சாமான் வாங்கி, இரண்டு கையிலும் பைகளோடு கராஜ் வழியாக உள்ளே வந்தார். பின்னால் கார் பீப் பீப் என்றது. "ஏறினாலும் அழும், இறங்கினாலும் அழும்" என்று அதைத் திட்டிக்கொண்டே கதவைக் காலால் சாத்தினார். கம்சனா அப்போது வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது.

இப்போது சிரிப்பு வரவில்லை. முனகல் மறுபடி தொடங்கியிருந்தது.

எழுந்து உட்கார்ந்தாள். அறை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்பி வந்தது. தலைவலி வழக்கமான ஒரு பக்கத்தில் இல்லாமல் நெற்றி முழுவதும் பட்டிபோட்டு இறுக்கியது. வாந்தி வருகிறாற்போல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அறைகளுக்கு நடுவே ஓடும் நடைபாதைக்கு வந்தபோது கால்கள் தன்னுடையவை இல்லைப்போல் கனத்தன. சாமி அறையில் விளக்கு அணைந்துவிட்டிருந்தது. சாம்பிராணித் தட்டில் கரி சாம்பல் பூத்துக்கிடக்க, அதன் அருகே காரின் சாவி. புகையின் மணத்துக்கு அடியில் வேறொரு மணமும் இருந்ததோ என்று தோன்றியது. மோந்து பார்த்தாள். சாம்பிராணிதான்.

நடைபாதையின் முடிவில் கராஜுக்குப் போகும் கதவு. அதன் கீழே ஒரு வெள்ளைக் கோடு.

வெளிச்சம்.

கராஜ் விளக்கைப் போடுகிற ஆளி கதவுக்கு வெளியே, அவள் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. அது அணைந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், திரும்பவும் ஆளியைப் பார்த்தாள். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அம்மா காட்டிய செய்தி ஞாபகம் வந்தது. சாவி இல்லாமலே கார்களைத் திறக்கிற கள்ளர் இந்தப் பக்கம் திரிகிறார்களாம், ஏதோ கருவியைச் சுவரருகே பிடித்து உள்ளே இருக்கிற சாவியின் அலையைத் திருடுகிறார்களாம். காரை ஓட்டத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்து யாரோ முயன்றுகொண்டிருக்கிறான். தொடங்குகிறான், நிறுத்துகிறான். தொடங்குகிறான்.

செருப்பில்லாத காலோடு இன்னும் கிட்டப் போனாள். கதவில் கை வைத்தாள். வெளியே எல்லாம் உறைந்துகிடக்கிற நாளில் அந்தக் கதவு சூடாக இருந்தது. கீழ் இடைவெளியால் மெல்லிய சூடான காற்று வந்து அவள் பாதங்களைத் தொட்டது. யாரோ மறுபக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்து மூச்சு விடுவதுபோல.

முனகல் நின்றது.

அவள் வந்து நிற்பது உள்ளே இருக்கிறவனுக்குக் கேட்டுவிட்டது என்று கம்சனா நம்பினாள். கதவில் இருந்த சாவியைத் திருப்பிப் பூட்டினாள். பூட்டு விழுந்த ஓசை வீடு முழுக்கப் போனது. ஓடினாள். ஓடுகிறதாக நினைத்தாள், நடைபாதை முடிய மறுத்தது.

வரவேற்பறையில் ஒரு மின்குமிழ் மட்டும் எரிந்தது. அப்பா சோபாவில் மல்லாந்து கிடந்தார். அவர் நெஞ்சின் மேல் அவளுடைய மகள் ஆரபி குப்புறப் படுத்திருந்தாள். நாலு வயதுக்காரி, பகலில் தூங்க வைக்கத் தலைகீழாய் நிற்கவேண்டும். இப்போது வாயைத் திறந்தபடி தூங்கினாள். அம்மா சாய்வு நாற்காலியில். கம்சனா அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள், கராஜுக்குள் ஆள் என்று காதுக்குள் சொன்னாள். அவர் கண்ணைப் பாதி திறந்தார்.

"விடு பிள்ளை. நல்ல நித்திரை."

அம்மா கண்ணையும் திறக்கவில்லை. தலை சுத்துகிறது என்று முணுமுணுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்சனாவுக்குக் கோபம் வந்தது. பயத்தில் வருகிற, அழுகைக்குப் பக்கத்துக் கோபம். மூன்று பேரும் இப்படி மரக்கட்டையாய்க் கிடந்தால் அவள் தனியே என்ன செய்வாள்?

யன்னலின் மேல்பக்கம் சரித்துத் திறந்திருந்தது. அம்மா சாம்பிராணி காட்டும்போது அப்படி விடுவது வழக்கம். அருகில் போனதும் குளிர் முகத்தில் அறைந்தது. ஒரு கணம் தலை தெளிந்தது. அந்த ஒரு கணத்தில், எதையோ மறந்துவிட்டோம், மிகச் சாதாரணமான ஒன்றை, என்று தோன்றியது. பிறகு யன்னல் வழியாகவும் ஆள் வரலாம் என்ற நினைப்பு வந்தது. அவள் யன்னலை இழுத்துச் சாத்தி, பிடியைத் திருப்பி, பக்கத்தில் தொங்கிய பட்டியைப் பிடித்து, யன்னலை வெளியால் மூடும் சுருள் வெளிப்பலகையையும் கீழே இறக்கினாள். அறைக்கதவைச் சாத்தி அதற்கு முன்னால் மேசையைத் தள்ளினாள். கதவின் அடியில் இடைவெளி இருந்தது. வெளிச்சம் போய்த் தங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று பயந்து அம்மாவின் சால்வையை மடித்து அடைத்தாள்.

இனி ஒரு ஈகூட உள்ளே வராது.

அனுஜனை அழைத்தாள். அவன் பக்கத்து நகரமான டோர்ட்முண்டில் வேலை முடிந்து வெளியே வந்திருந்தான். அவள் சொன்னதை இரண்டுமுறை சொல்லவேண்டியிருந்தது, நாக்கு தடித்துப்போய்ச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பயத்தில் குளறுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"அக்கா, ஒருத்தரும் வெளியில வராதேங்கோ. பூட்டிக்கொண்டு ஒரே அறைக்குள்ள இருங்கோ. பொலிசுக்கு நான் அடிக்கிறன். இப்பவே வெளிக்கிட்டு வாறன்."

தரையில் சோபாவோடு சாய்ந்து உட்கார்ந்தாள். சுவருக்குப் பின்னால் அது மறுபடி தொடங்கியது. இந்த முறை நீண்ட நேரம். தரை வழியாக முதுகுக்கு ஏறியது. அவன் போகவில்லை. ஏன் போகவில்லை? காரை எடுத்துக்கொண்டு போகட்டுமே. எடுத்துக்கொண்டு போய்த் தொலையட்டும்.

கீச், கீச்.

ஆரபியின் சாமான். இந்த அறைக்குள்தான். இவ்வளவு நேரமும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது இங்கேதான். அவனுக்குக் கேட்டுவிடும். கம்சனா முழங்காலில் தவழ்ந்து போனாள். சத்தம் அலுமாரியின் அடி லாச்சியில் இருந்து வந்தது. இழுத்தாள். மேசைவிரிப்புகள், அவற்றுக்குக் கீழே இறுக்கிச் சுற்றிய துவாய். துவாயை அவிழ்த்ததும் சத்தம் ஊசியாய்க் காதில் ஏறியது. கைக்குள் அடங்கும் வெள்ளைப் பெட்டி. சிவப்பு வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது.

இது அவளுக்குத் தெரிந்ததுதான். போன வருடம் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு அடுப்பையும் புகைபோக்கியையும் சோதிக்க வந்தவர் மாட்டச் சொன்ன கருவி. மணமில்லாத நஞ்சு ஒன்று இருக்கிறது, அது வந்தால் இது கத்தும் என்று விளக்கினாராம். அந்த நஞ்சு பட்டவர்கள் முகம் சிவந்து, சாகிற நேரத்திலும் நல்ல சுகதேகியாய்த் தெரிவார்களாம். அம்மா இதைத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். ஏனென்றால் அந்தப் பெட்டி அம்மா கரி மூட்டிச் சாம்பிராணி போடுகிற ஒவ்வொரு மாலையும் கத்தியது. சாமிக்கு விரோதமான சாமான் என்று அப்பா அதைக் கழற்றினார். பற்றரியை எடுக்க வழி தெரியவில்லை. ஆகவே துவாயில் சுற்றி லாச்சிக்குள் போட்டார்.

சாம்பிராணிதான், என்று கம்சனா நினைத்தாள். இன்றைக்கும் சாம்பிராணிதான். கள்ளனுக்குக் கேட்காமல் இருக்கவேண்டும். அவள் பெட்டியைத் துவாயில் முன்னைவிட இறுக்கமாகச் சுற்றினாள். லாச்சியைத் தள்ளி மூடினாள்.

நல்லது. அமைதி.

அப்படியே அலுமாரியில் சாய்ந்துகொண்டாள். பயம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்துக்குப் போனது. தூங்கினால் நன்றாக இருக்கும். அனுஜன் வந்து எழுப்புவான். கொஞ்ச நேரம் மட்டும்.

கைத்தொலைபேசி அதிர்ந்தது. பிறகு திரும்ப அதிர்ந்தது. மடியில் கிடந்த வெளிச்சத்தை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தவறிய அழைப்புகள். ஒரு குரல்பதிவு. விரல் இரண்டுமுறை வழுக்கி, மூன்றாம் முறை பட்டது. அறைக்குள் அனுஜனின் குரல் உரக்க எழுந்தது. பின்னால் வாகனங்களின் இரைச்சல்.

"அக்கா, போனை எடுங்கோ. அது கள்ளன் இல்லை. காரின்ர ஆப்பில பாத்தனான், கார் ஓனில நிக்குது. அப்பா மத்தியானம் நிப்பாட்டவே இல்லை, சத்தம் இல்லாததால நிண்டுபோச்செண்டு நினைச்சிட்டார். ஹீற்றரும் லைற்றும் போட்டபடி. அந்தக் குளிருக்கு எஞ்சின் தானே தொடங்கித் தானே நிக்குது. சாவி சாமித்தட்டில எல்லே, கார் அப்பா பக்கத்தில இருக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கு. அந்த நச்சுப் புகை வீட்டுக்குள்ள வரும், யன்னலைத் திறவுங்கோ. எல்லாத்தையும் திறந்துபோட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியில ஓடுங்கோ. றோட்டு உறைஞ்சு கிடக்கிறதால பொலிசு வரச் சுணங்குமாம். அக்கா, கேக்குதோ?"

கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. விளங்கியது.

யன்னல். அறையின் மறுபக்கத்தில். எழுந்தாள். எழவில்லை. முழங்கால் மடங்கித் தரை வந்து தோளில் மோதியது. தவழ்ந்து போய்க் கையை நீட்டினாள். கை போனது. விரல்கள் வெளிப்பலகையின் பட்டியைத் தொட்டன. பிடிக்க மறுத்தன. ஆரபி. முதலில் ஆரபி. திரும்பினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வாய் அசைந்தது.

தொலைபேசியின் வெளிச்சம் சோபாவின் மேல் விழுந்திருந்தது. ஒருநாளும் வெற்றிலை போடாத அப்பாவின் உதடுகள் இப்போதுதான் போட்டவர்போலச் சிவந்திருந்தன. அம்மாவினுடையவையும் அப்படித்தான். தாத்தாவின் சட்டையைப் பிடித்தபடி இருந்த ஆரபியின் சின்ன நகங்கள் ரோசா நிறத்தில் மினுங்கின, கன்னங்கள் பனியில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் கன்னங்களாக இருந்தன. மூன்று பேரும் அவள் ஒருநாளும் கண்டிராத அளவுக்கு நல்ல சுகமாய்த் தெரிந்தார்கள்.

சுவருக்குப் பின்னால் முனகல் நின்றது.

கம்சனா கன்னத்தைத் தரையில் வைத்தபடி காத்திருந்தாள். இனித் தொடங்காதே. தொடங்காதே. லாச்சிக்குள் துவாய்க்கு அடியில் ஏதோ ஒன்று மிக மெலிதாகக் கீச்சிட்டது.

பிறகு அது தொடங்கியது. அதே சீராக, அவசரமில்லாமல். மத்தியானம்தான் அப்பா டாங்கியை விளிம்புவரை நிரப்பியிருந்தார்.