பச்சை காட்டிய மார்புணரி

மார்புணரி பச்சை காட்டியது. அதன் அடியில் படுத்திருந்த சங்கவிக்கோ மூச்சு முட்டியது.

தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரிக்காக வந்த ஆம்புலன்ஸ் அது. அதன் ஊழியராக இறங்கியவளைப் பின்னால் வந்த வேன் ஒன்று கதவோடு சேர்த்து நசுக்கிவிட்டது. இத்தனை வருடம் அடுத்தவரைத் தூக்கிக் கிடத்திய படுக்கையில் இப்போது அவளே கிடந்தாள். முன்னும் பின்னும் வண்டிகள் அடைத்து நின்றன. தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு இப்போதைக்குப் போக முடியாது.

மார்புணரி துணிபோல் மெல்லிய தகடு. நெஞ்சில் விரித்தால் எந்த விலா முறிந்தது, எங்கே இரத்தம் தேங்கியது, எங்கே காற்று அடைத்தது என்று ஒலியலையால் துழாவிச் சொல்லிவிடும்; ஆபத்து இல்லையென்றால் பச்சை காட்டும். அது வந்த பிறகு கணவாயில் சாவு பாதியாகக் குறைந்தது. திட்டுவதற்கு முன்னால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் சங்கவியின் இடப்பக்க நெஞ்சு ஏறி இறங்கவில்லை. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. விரலால் தடவினாள், மூச்சுக்குழாய் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. முறிந்த விலா நுரையீரலைக் கிழித்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் காற்று நெஞ்சுக்கூட்டில் கசிந்து, வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, இதயத்தையே நெருக்குகிறது. ஊசி குத்தி அதை வெளியே விடாவிட்டால் கதை முடிந்துவிடும்.

"லோகு, இடப்பக்கம் காத்து அடைச்சிருக்கு. ஊசியப் போடுடா."

லோகேஷ் பல வருடமாக அவளோடு ஒரே வண்டியில் ஓடுபவன். உடன்பிறந்தான் இல்லாத சங்கவி, மகளுக்குக் காது குத்தியபோது பிள்ளையை அவன் மடியில்தான் உட்கார வைத்தாள். அந்தத் தாய்மாமன் அவள் கழுத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தான்.

"பதற்றம்னு காட்டுதுக்கா. மெதுவா மூச்ச இழுத்து விடுங்க."

அந்தச் சொல்லைக் கருவிக்குக் கற்றுக் கொடுத்ததே இவர்களைப் போன்ற ஊழியர்கள்தான். முன்பெல்லாம் மூச்சு முட்டுகிறது என்று யாராவது அலறினால், காற்றடைப்பா பதற்றமா என்று அது ஊழியரைக் கேட்கும். காற்றடைப்பு என்றால் மருத்துவர் திரையில் வரும்வரை நடுரோட்டில் நிற்க வேண்டும். பதற்றம் என்று அழுத்தினால் உடனே வண்டியை எடுக்கலாம். ஆகவே எல்லோரும் பதற்றத்தையே அழுத்தினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவரை எல்லாம் கருவி தன் சரியான விடையாக எடுத்துக்கொண்டது. சங்கவிதான் இந்தக் குறுக்குவழியில் முதல் ஆள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

ஊசிப்பெட்டி ஊழியரின் பெருவிரலுக்குத்தான் திறக்கும். கையை நீட்டி வைத்தாள். நோயாளிக்கு அனுமதியில்லை என்றது பெட்டி. லோகேஷைப் பார்த்தாள். அவன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, பச்சையை மீறினால் விசாரணை வரும் என்று முனகினான். செத்துப்போவேன் என்ற பயத்தைவிட, இவனா என்ற கேள்விதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

தகடு நெஞ்சில் இருந்தால்தானே நோயாளி? சங்கவி அதை உரித்து வீசினாள். மறுபடி விரலை வைத்ததும் பெட்டி மரியாதையாகத் திறந்தது. அக்குளுக்குக் கீழே இரண்டு விலாக்களுக்கு நடுவில், கீழ் விலாவின் மேல்விளிம்பை ஒட்டி ஊசியை இறக்கினாள். சைக்கிள் ட்யூப் இறங்குவதுபோல் உஸ்ஸென்று காற்று சீறியது. லோகேஷ் திடுக்கிட்டுப் பின்வாங்கினான். அவளுக்கு மூச்சு வந்தது.

நெஞ்சில் குழாய் போட்டு, தேறி, அவள் விசாரணைக்குப் போனாள். நுரையீரல் கிழிசல் விலாவாலும் வந்திருக்கலாம், அவள் குத்திய ஊசியாலும் வந்திருக்கலாம் என்றார்கள். தகட்டை உரித்துவிட்டதால் ஊசி இறங்கிய நேரத்துப் பதிவு எதுவும் இல்லை. உள்ளே காற்று முன்பே அடைத்திருந்தால்தான் அப்படிச் சீறும். அந்தச் சத்தத்துக்கு ஒரே சாட்சி லோகேஷ். கேட்டதா என்றார்கள்.

"இல்லைங்க சார். எனக்கு எதுவும் கேக்கல."

வெளியே வராந்தாவில் அவனை மறித்து நிறுத்தினாள். அவன் தரையைப் பார்த்தபடி பேசினான்.

"கேட்டுச்சுக்கா. அதச் சொன்னா, அப்புறம் நீ ஏன் பெட்டியத் திறக்கலைன்னு என்னைத்தானே கேப்பாங்க?"

அவள் படியிறங்கினாள். அன்று அவளை நெரித்த காற்றுக்காவது வெளியேற வழி இல்லை, இவனுக்கு வாய் திறக்க வழி இருந்ததே என்று வழியெல்லாம் மனம் கொதித்தது.

அவள் வாக்குமூலத்தை 'நோயாளியின் பதற்றம்' என்று வகைப்படுத்தி முடித்துவிட்டார்கள். கூடவே மார்புணரியையும் திருத்தினார்கள். புதிய தகட்டின் பசையை ஒட்டப்பட்டவர் உரிக்க முடியாது. வெளியே இருக்கும் ஊழியர் விரல் வைத்தால்தான் விடும். பச்சை காட்டும்போது ஊசிப்பெட்டி எவர் விரலுக்கும் திறக்காது.

பயிற்சி வகுப்பில் மாதிரி நோயாளியாகப் படுக்க லோகேஷ் தானே முன்வந்தான். தகடு ஒட்டியது. அவன் உரித்துப் பார்த்தான், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். முகம் வியர்த்தது. இறுக்குகிறது, யாராவது கழற்றுங்கள் என்றான். திரை பச்சையாக ஒளிர்ந்து, பதற்றம் என்று காட்டியது. வகுப்பே சிரித்தது. அவன் கண்கள் கூட்டத்தில் தேடி முன்வரிசையில் வந்து நின்றன.

"அக்கா, நீங்களாவது கழட்டுங்க."

பயிற்றுநர் வந்து கழற்றட்டும் என்று சங்கவி உட்கார்ந்தே இருந்தாள்.