திரும்பி வந்துடு, கண்ணு!

ஃபோன் அலறியது!

டேப் டாக்டர் எடுத்தாள். குற்றவாளிகளின் மனதை ஆராய்கிறவள். போலீஸ்காரர்கள் வைத்த பெயர்தான் டேப் டாக்டர். காணாமல் போனவர்களின் சொந்தக்காரர்கள் டி.வி.யில் அழுது கெஞ்சுவார்களே... அந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, யார் நிஜமாக அழுகிறார்கள், யார் கொன்றுவிட்டு அழுகிறார்கள் என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை.

இதுவரை நூற்றுப் பன்னிரண்டு டேப்!

"மேடம்... நாலு நாளாச்சு! பொண்ணையும் காணோம், பொணத்தையும் காணோம்!" இன்ஸ்பெக்டர் குரலில் அவசரம். "புருஷனா, அம்மாவா? யாருன்னு சொல்லுங்க. தோண்ட ஆள் ரெடி!"

"அரை மணி நேரம் குடுங்க சார்."

விடை அவளிடம் ஏற்கனவே இருந்தது. அதுதான் பயம்!

நிஜமாகத் தேடுகிறவர்கள், காணாமல் போனவரோடு பேசுவார்கள். கொன்றவர்கள், பார்க்கிற ஜனங்களோடு பேசுவார்கள். செத்தவரிடம் 'வா' என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழும்புவதில்லை.

புருஷன் கேமராவைப் பார்த்துக் கதறியிருந்தான்.

"எங்க இருந்தாலும் திரும்பி வந்துடு, கண்ணு! நீ இல்லாம என்னால முடியல!"

ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அம்மா? "என் பொண்ணைப் பார்த்தவங்க யாராவது சொல்லுங்க..." ஆறு நிமிடம் அழுதாள். ஒரு தடவைகூட மகளைக் கூப்பிடவில்லை!

தோண்டச் சொல்லிவிடலாம். ஆனால் நாற்பத்தோராவது டேப் அவளை விடவில்லை.

அதில் ஒரு அப்பா. மகனைக் கூப்பிடவே இல்லை. 'பொய்' என்று எழுதிக் கொடுத்தாள். மனுஷன் லாக்கப்பில் தூக்கு மாட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் மகன் உயிரோடு வீடு திரும்பினான்! அன்றிலிருந்து எந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாலும் அந்த அப்பாவின் கண்கள். இதோ, எதிர் நாற்காலியில் இப்போதும்...

இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தது பெண்ணின் அம்மா. டாக்டர்தான் வரச் சொல்லியிருந்தாள்.

"ஏம்மா... பொண்ணை ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டேனே..."

"இல்ல. ஒன்பது தடவை பார்த்துட்டேன். எங்க புதைச்சீங்க?"

அம்மா சிரித்துவிட்டாள்! அடுத்த நொடி அது அழுகையானது.

"புதைக்கல டாக்டரம்மா... ஒளிச்சு வெச்சிருக்கேன்!"

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உயிரோடயா?"

"அங்க அவ டி.வி. பார்ப்பா. நான் அழுதுட்டே 'வா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா ஓடி வந்துடுவா, பைத்தியக்காரி! பொய்க்குக்கூட சொல்ல முடியல..."

கைப்பையிலிருந்து மூன்று எக்ஸ்ரே படங்கள் மேஜைக்கு வந்தன. ஒரே இடது கை. மூன்று முறிவு, மூன்று தேதி!

"இதெல்லாம் மாப்பிள்ளை வேலை. 'அடுத்த தடவை எக்ஸ்ரே தேவைப்படாது'ன்னு சொல்லியிருக்கான்."

"போலீஸ்ல சொல்லலையா?"

"ரெண்டு தடவை! சமாதானம் பேசி அவன்கூடவே அனுப்பி வெச்சாங்க."

டாக்டர் புருஷனின் டேப்பை மறுபடி ஓட்டினாள். 'திரும்பி வந்துடு, கண்ணு!' நூற்றுப் பன்னிரண்டு டேப்பில் அவள் கேட்ட உண்மைகளிலேயே பயங்கரமான உண்மை அதுதான்.

மறுபடியும் ஃபோன்!

"என்ன மேடம்? புருஷன் இங்க ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்து அழுதுட்டிருக்கார். பாவமா இருக்கு!"

"அவர் பேச்சுல பொய்யே இல்ல சார். அம்மாதான் பொய் சொல்றாங்க."

அம்மாவின் முகம் வெளிறியது. எழுந்து கதவுப் பக்கம் ஓடப் பார்த்தாள். டாக்டர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படிப் போடுங்க! அம்மா வீட்டைத் தோண்டிடறேன்!"

"தோண்டினா மண்ணுதான் வரும். பொண்ணு உயிரோட இருக்கா. எங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேன்! புருஷன் அவ கையை உடைச்சதுக்கு எக்ஸ்ரே மூணு, கொலை மிரட்டல் புகார் ஒண்ணு... எடுத்துட்டு அம்மாவோட நானே வரேன். அதுவரைக்கும் அந்த ஆளை வெளியில விடாதீங்க. இந்தத் தடவையும் சமாதானம் பேசினீங்கன்னா, டி.வி.யில நான் பேசுவேன்!"



"மேடம்... பொய் சொன்னவங்களை விட்டுட்டு, உண்மை பேசினவனை உள்ள வைக்கச் சொல்றீங்களே!"

"பொய்யைக் கண்டுபிடிக்கறதோட என் வேலை முடிஞ்சுது சார்... உண்மையைப் பிடிச்சு உள்ள போடறது உங்க வேலை!"