ஒன்பதாம் எண்ணின் நான்கு மணி

இருபது கட்டுகள் வரவேண்டிய இடத்தில் பத்தொன்பதுதான் வந்தன. பல்கலைக்கழக நூலகத்தின் கண்ணாடிகளில் மழை வழிந்துகொண்டிருந்த திங்கட்கிழமை மதியம் அது. நகலெடுக்கும் இயந்திரத்தோடு பதினெட்டு வருடமாகக் குடித்தனம் நடத்தும் ஜெராக்ஸ்காரர் எண்ணிப் பார்த்து, "ஒண்ணு குறையுதேம்மா" என்றார்.

கட்டுகளைக் கொண்டுவந்த பெண்ணியல் துறை ஆய்வு மாணவி தலையசைத்தாள். அழுது முடித்த முகம். அவள் பார்க்க வந்தது நூலகரைத்தான். காணாமல் போன புத்தகங்களை நாற்காலியை விட்டு எழாமலே கண்டுபிடித்துவிடுவார் என்று அந்த அம்மாளுக்குப் பேர். ஜெராக்ஸ்காரர் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்படி ஒரு விஷயம் வந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

மாணவி சொன்னது இவ்வளவுதான். இல்லத்தரசிகளின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பது அவள் ஆய்வு. அச்சடித்த தாள்களைத் தையல் கடையிலும் மருந்தகத்திலும் வைத்தாள். பேர் எழுதாமல், ஒரு வாரத்துக்கு மணிக்கு மணி செய்ததை எழுதிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். இருபது பேர் எழுதினார்கள். அதில் ஒன்பதாம் எண்தான் அவள் ஆய்வுக்கே உயிர். சமையல், துவையல், பெருக்கல் என்று நிரம்பி வழிந்த அந்தத் தாள்களில், தினமும் நான்கிலிருந்து ஐந்து வரை மட்டும் வேறு மாதிரி இருந்தது. வீட்டில் எல்லோரும் வெளியே போயிருக்கும் அந்த நேரத்தில் அந்தப் பெண் வட்டப் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊரைச் சுற்றி, ஏறிய இடத்திலேயே இறங்குகிறாள். 'யாருக்கும் தெரியாது. இந்த ஒரு மணி நேரம் நான் யாருக்கும் யாரும் இல்லை' என்று எழுதியிருந்தாள்.

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் மாணவி அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். அண்ணன் சிரித்தான். அப்பா, அந்தம்மா புருஷன் பாவம் என்றார். எழுத்து நடை நன்றாயிருக்கிறது, காலையில் தாளைக் காட்டு, நானே படித்துப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். மற்றவர்களின் வேலையை எண்ணுகிறவர்கள் ஒரு டம்ளராவது கழுவி வைத்தால் தேவலை என்று அண்ணி குத்தினாள். அம்மா, இதெல்லாம் யார் கைக்குப் போகும் என்று மட்டும் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் இன்னொரு கரண்டி பரிமாறினாள். ஞாயிறு காலை ஒன்பதாம் கட்டு இல்லை. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். மூலத்தாள் இல்லாவிட்டால், கற்பனையில் எழுதிக்கொண்டாள் என்றுதான் தேர்வாளர்கள் சொல்வார்கள்.

"அண்ணிதான். கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்" என்றார் ஜெராக்ஸ்காரர்.

நூலகர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் யோசிக்கும்போது இருமக்கூடாது என்பது ஜெராக்ஸ்காரர் அனுபவத்தில் கற்றது.

"கம்ப்யூட்டர்ல தட்டி வச்சது இருக்கா?" என்று கேட்டார் நூலகர்.

இருக்கிறது, லேப்டாப் தாள்களுக்குப் பக்கத்திலேயே மூடக்கூட இல்லாமல் கிடந்தது, யாரும் தொடவில்லை என்றாள் மாணவி.

"அண்ணி எழுத்து உங்களுக்குத் தெரியுமா?"

தினமும் பார்க்கிற எழுத்து. வாராவாரம் மளிகைச் சீட்டு அண்ணிதான் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவாள்.

"அம்மா எழுத்து?"

மாணவி வாயைத் திறந்தாள். கொஞ்சம் யோசித்தாள். "பார்த்ததில்ல மேடம். என் ரிப்போர்ட் கார்டுலகூட அப்பாதான் கையெழுத்துப் போடுவார்."

"அப்பா பார்த்திருப்பாரா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் லெட்டர் எழுதிக்கிட்டாங்களாம். அப்பா இன்னும் பீரோவுல வச்சிருக்கார்." சொல்லி முடிக்கும்போதே அவள் குரல் தேய்ந்துவிட்டது.

நூலகர் மெதுவாகப் பேசினார். "உங்க ஆய்வைக் கெடுக்க நினைக்கிறவங்க கம்ப்யூட்டரையும் விட்டுவைக்க மாட்டாங்க. இங்க விஷயம் அப்படியே இருக்கு, கையெழுத்து மட்டும் போயிருக்கு. அப்போ கையெழுத்துக்குத்தான் பயம். எழுதினது அண்ணியா இருந்தா, அந்தத் தாளைப் பார்த்த அன்னைக்கே நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. நீங்க படிச்சும் கண்டுபிடிக்க முடியாத, ஆனா உங்க அப்பா பார்த்த உடனே கண்டுபிடிக்கிற எழுத்து யாரோடது? அவர் தாளைக் கேட்டது சனிக்கிழமை. அது போனது ஞாயித்துக்கிழமை."

ஜெராக்ஸ்காரர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

"அம்மாகிட்ட நான் கேட்கவே இல்ல. இருபது வீட்டுக் கதையைக் கேட்டேன்" என்றாள் மாணவி. பிறகு, "சந்தோஷமாத்தான் படிச்சேன் மேடம். எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாவும் சிரிச்ச மாதிரிதான் இருந்தது" என்றாள்.

"வேலையைப் பத்தித்தானே கேட்டிருந்தீங்க. அவங்க வேலை இல்லாத நேரத்தையும் நம்பி எழுதிட்டாங்க. பேர் இல்லாத தாளை நீங்க பேர் இருக்கிற வீட்டுக்குள்ள படிச்சிட்டீங்க."

ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம், அம்மா மறுக்கமாட்டாள் என்று ஜெராக்ஸ்காரர் ஆவலோடு யோசனை சொன்னார். நூலகர் எட்டாம் கட்டின் முதல் தாளை எடுத்து மாணவியின் முன்னால் வைத்தார். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று அவளே அச்சடித்திருந்த வரி அதில் இருந்தது.

"இது திருட்டு இல்ல. ஒருத்தங்க விலகிட்டாங்க, அவ்வளவுதான். அம்மாகிட்ட கேட்டா கொடுத்துடுவாங்க. அதனாலதான் கேட்கக்கூடாது."

மாணவி மணியைப் பார்த்தாள். மூன்றே முக்கால். சட்டென்று எழுந்து கதவுவரை போனாள். வெளியே மழை விட்டிருந்தது. எங்கோ ஒரு பேருந்து ஈரத்தெருவில் திரும்பும் ஓசை கேட்டது. கைப்பிடியில் கை வைத்தபடி அவள் நின்றாள். அப்புறம் திரும்பி வந்து, பையிலிருந்த லேப்டாப்பைத் திறந்து, உயிர் என்று சொன்ன அந்த அத்தியாயத்தைப் பக்கம் பக்கமாக அழிக்கத் தொடங்கினாள்.

வியாழக்கிழமை ஆய்வேட்டின் நான்கு பிரதிகளையும் ஜெராக்ஸ்காரர்தான் எடுத்தார். பச்சை வெளிச்சம் தாள்மீது வழுக்கிப்போக, அவர் சாதாரணமாகப் படிக்காத அடிக்குறிப்பு ஒன்றில் கண் நின்றது. 'தாள் கொடுத்தவர்கள் இருபது பேர். ஒருவர் விலகிக்கொண்டார். காரணம் கேட்கப்படவில்லை.'